“அடிமையாவதற்கு முன்னால் நாம் யாராக இருந்தோம்?”

கேள்வி: அட்லாண்டாவில் இருக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். கணவர் கறுப்பினத்தவர், ஜார்ஜியா கடலோரத்தில் இருக்கும் சவானாவில் பிறந்து வளர்ந்தவர். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. போன வருடம் பள்ளியில் அடிமை முறை பற்றிப் பாடம் நடந்த அன்று, மகள் காரில் ஏறியதும், “அம்மா, அடிமையாவதற்கு முன்னால் நாம் யாராக இருந்தோம்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த ஆகஸ்டிலிருந்து இருவரையும் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம். கணக்கும் அறிவியலும் சமாளித்துவிடுவேன். வரலாறும் இலக்கியமும்தான் பயமாக இருக்கிறது. நாங்கள் வாங்கிய பாடத்திட்டத்தில் கறுப்பினத்தவர் என்றால் அடிமை முறைக்கு ஓர் அத்தியாயம், மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஓர் அத்தியாயம், அவ்வளவுதான். கணவருக்கு இரவுப் பணி. மாமியார் சவானாவில் இருக்கிறார், 75 வயது, பழைய கதை அதிகம் பேசமாட்டார். நான் கறுப்பினத்தவள் இல்லை. நான் சொல்லித்தந்தால் சரியாக வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் காரில் கேட்ட கேள்வியைப் பாட நோட்டின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதிவைக்கச் சொல்வேன். ஜார்ஜியாவில் பள்ளி நூலகராக 22 வருடம் இருந்தேன். இப்போது வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்கு உதவிக்கொண்டிருக்கிறேன். பாடத்திட்டத்தை மாற்றி மாற்றி வாங்கும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். எதை வாங்கினாலும் கதை கப்பலில்தான் தொடங்கும். 1619-இல் வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டில் ஒரு கப்பல் வந்தது, அதில் இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள் என்பது முதல் வரி. ஒரு குழந்தை தன் ஆட்களை முதன்முதலாகச் சங்கிலியோடு பார்த்துவிட்டால், பிறகு எத்தனை சாதனையாளர்களைக் காட்டினாலும் அந்த முதல் படம் மனதைவிட்டுப் போகாது. உங்கள் மகளுக்கு அது உறுத்தியிருக்கிறது. அதனால்தான் ‘முன்னால்’ என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் இருக்கிறது. அதுவும் மன்னார்குடி வயற்காட்டில் வளர்ந்த உங்களுக்கு அந்தப் பதில் சுலபமாக வரும்.

நெல்லில் தொடங்குங்கள். ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத்தில் 18ஆம் நூற்றாண்டில் பணத்தைக் குவித்த பயிர் நெல்தான். ஜார்ஜியா குடியேற்றத்தில் முதலில் அடிமை முறைக்கே தடை இருந்தது. 1735-இல் போட்ட அந்தத் தடையை 1751-இல் விலக்கினார்கள். பக்கத்துக் கரோலினாவின் நெல் வயல்களைப் பார்த்து வந்த ஆசை அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் வெள்ளை முதலாளிகளில் பெரும்பாலோருக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். காம்பியாவிலிருந்து சியரா லியோன், லைபீரியா வரை நெல் விளைந்த நாடு அது. நம் ஊர் நெல்லும் இல்லை. நைஜர் ஆற்றுப் படுகையில் ஏறக்குறைய 3,000 வருடங்களுக்கு முன்பே அவர்களாகவே பழக்கியெடுத்த தனி இனம். சதுப்பு நிலத்தில் வரப்பு கட்டி, உப்புத் தண்ணீரைத் தடுத்து, நல்ல தண்ணீரை விட்டு நாற்று நட்டவர்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்து வியாபாரிகள், ‘நெல் சாகுபடி பழகியவர்கள்’ என்று செய்தித்தாளில் அச்சடித்தே மனிதர்களை விற்றார்கள். உடம்போடு சேர்த்து அறிவையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். 9 வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

கரோலினா வயல்களின் அமைப்பில் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. உரலும் உலக்கையும் புடைக்கும் கூடையும் அங்கிருந்து வந்த பழக்கம் என்பதில் சந்தேகம் இல்லை. அந்தக் கடலோரத்தில் இன்றும் வாழும் கல்லா கீச்சி மக்கள் புல்லைச் சுருட்டித் தைத்து, வட்டமாக, தட்டையாக ஒரு கூடை பின்னுவார்கள். நெல்லைக் குத்தி, அதில் போட்டுத் தூற்றி உமியை விரட்டினார்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு முறம் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடையின் படத்தை அதன் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் உமி கலந்த அரிசியைப் பிள்ளைகள் கையாலேயே புடைக்கவிடுங்கள். தரையெல்லாம் சிந்தட்டும், பரவாயில்லை. மாமியார் வீட்டில் ‘ரெட் ரைஸ்’ செய்வார்கள் இல்லையா? தக்காளி போட்டுச் சிவக்கச் சமைக்கும் அந்தச் சோறு மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொல்லோஃப் சோற்றுக்கு உறவு. ‘அடிமையாவதற்கு முன்னால் என்னவாக இருந்தோம்’ என்ற கேள்விக்கு உங்கள் முதல் பாடம், ‘நெல் தெரிந்தவர்களாக இருந்தோம், உன் அம்மா வீட்டு ஆட்களைப் போல’ என்று இருக்கலாம். கணவரின் முன்னோர் எந்த ஊரிலிருந்து பிடித்துவரப்பட்டார்கள் என்று இப்போது தெரியாது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாமல் போனதும் அவர்களுக்குச் செய்யப்பட்ட அநியாயத்தில் ஒரு பகுதிதான்.

நிறையப் பெற்றோர் இந்த இடத்தில் நேரே மாலியின் பேரரசர் மான்சா மூசாவிடம் ஓடிவிடுகிறார்கள். 1324-இல் அவர் மெக்காவுக்குப் போன வழியெல்லாம் தங்கத்தை வாரி வழங்கியது அருமையான கதை, சொல்லவேண்டியதுதான். ஆனால் ‘நாம் அரசர்களாக இருந்தோம்’ என்பதோடு நின்றால், அரசராக இல்லாதவருக்கு மதிப்பில்லை என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். பிடித்துவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், கொல்லர்கள், நெசவாளர்கள், தாய்மார்கள், குழந்தைகள். அவர்களுக்கு மரியாதை வர கிரீடம் தேவையில்லை.

மகனுக்கு அதே மாலியிலிருந்து சுன்ஜாத்தாவின் கதையைப் படுக்கையில் சொல்லுங்கள். மான்சா மூசாவுக்கு முன்னால், 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பேரரசை நிறுவியவர். சின்ன வயதில் அவனால் நடக்க முடியவில்லை. ஒருநாள் சமையலுக்குக் கொஞ்சம் பாவோபாப் இலை கேட்கப்போன அவன் அம்மாவை, மூத்தாள் எல்லார் முன்னாலும் கேலி செய்து அனுப்பிவிடுகிறாள். அம்மா அழுதுகொண்டு வருகிறாள். பையன் இரும்புத்தடி ஒன்று கேட்கிறான். அதை ஊன்றி எழுந்து நிற்க, தடி வில்லாக வளைகிறது. நடந்துபோய் பாவோபாப் மரத்தையே வேரோடு பிடுங்கிவந்து அம்மாவின் வாசலில் போடுகிறான். இலை வேண்டுமென்றால் இனி எல்லாரும் இங்கே வரட்டும் என்கிறான். பீமன் கதை கேட்டு வளரும் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நூற்றாண்டுகளாக க்ரியோ என்னும் பாணர்கள் வாய்மொழியாகவே காத்துவந்த கதை இது. நம் பாணர்களையும் சேர்த்துச் சொல்லலாம்.

இன்னொரு கதை உங்களுக்காக, அம்மா என்பதால். 1930களின் தொடக்கத்தில் லாரன்சோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் ஜார்ஜியா கடலோரத்தில் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டாலி என்ற பெண் பாடிய பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். சில வரிகள்தான். பாடியவருக்கு அர்த்தம் தெரியாது. அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது, அம்மாவுக்கு அவருடைய அம்மா. அது சியரா லியோனின் மென்டே மொழி என்று பிறகு தெரிந்தது. பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்த ஒலிப்பதிவோடு சியரா லியோனின் கிராமங்களில் தேடிப்போனார்கள். செனெஹுன் நோலா என்ற கிராமத்தில் ஒரு பெண் அதைக் கேட்டதும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். பாட்டி கற்றுக்கொடுத்த, சாவுச் சடங்கில் பாடும் பாட்டு. 1997-இல் அமீலியாவின் மகள் அந்தக் கிராமத்துக்கே போய்வந்தார். பள்ளிக்கூடமும் புத்தகமும் மறுக்கப்பட்ட வீட்டில், அம்மாக்கள் ஏறக்குறைய இருநூறு வருடம் நடத்திய பாடம் அது. நீங்கள் ஆகஸ்டில் தொடங்குவதை ஏதோ புது முயற்சி என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். உங்கள் மாமியார் பக்கத்து மண்ணில் அது நெடுநாள் பழக்கம்.

சரி, இனி அடிமை முறைக்கு வருவோம். அதைத் தள்ளிப்போடக்கூடாது, பூசி மெழுகவும் கூடாது. ‘சில முதலாளிகள் நல்லவர்களாக இருந்தார்கள்’ என்று எழுதியிருக்கும் பாடப்புத்தகத்தை அப்படியே மூடிவையுங்கள். 6 வயதுக்கு இவ்வளவு போதும்: மனிதர்களைத் திருடிவந்தார்கள், கூலி இல்லாமல் வேலை வாங்கினார்கள், குடும்பங்களைப் பிரித்தார்கள், அவர்கள் ஒருநாளும் அதைச் சரியென்று ஏற்கவில்லை. 9 வயதுக்கு ஆவணங்களைக் காட்டலாம். 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் விடுதலையானவர்கள் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள். என் அம்மாவைத் தேடுகிறேன், பெயர் இது, கடைசியாகப் பார்த்தது இந்த ஊரில், எங்களை வைத்திருந்தவர் இன்னார் என்று. பல வருடங்கள் கழித்தும் தேடினார்கள். வில்லனோவா பல்கலைக்கழகம் இவற்றை ஆயிரக்கணக்கில் இணையத்தில் சேர்த்துவைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். நீங்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். சாட்டையடிப் படத்தைவிட அந்த நான்கு வரி, என்ன பறிபோனது என்பதைக் குழந்தைக்குச் சரியாகச் சொல்லும்.

ஒன்றைமட்டும் செய்யவே செய்யாதீர்கள்: நடித்துக்காட்டுவது. கப்பலில் அடைத்ததைப் புரியவைக்கிறேன் என்று பிள்ளைகளைத் தரையில் நெருக்கிப் படுக்கவைத்த வகுப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அன்று மதியம் நூலகத்துக்கு வந்த ஒரு சிறுமி, வாசிக்கும் மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் கறுப்பினக் குழந்தை.

நடிப்புக்குப் பதிலாக சவானாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜார்ஜியாவில் 1829-இல் போட்ட சட்டப்படி, கறுப்பினத்தவருக்கு எழுத்துக் கற்பித்தால் தண்டனை. அந்தச் சட்டம் இருக்கும்போதே 1850களில் சவானாவில் திருமதி உட்ஹவுஸ் என்ற கறுப்பினப் பெண் தன் வீட்டுச் சமையலறையில் இருபத்தைந்து முப்பது பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அங்கே படித்தவர் 1848-இல் பிறந்த சூசி கிங் டெய்லர். 1902-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்: போலீஸ் பார்த்துவிடக்கூடாது என்று புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போவார்களாம். கூட்டமாகப் போகாமல் ஒவ்வொருவராக வாசல் கதவு வழியே உள்ளே நுழைவார்களாம். அக்கம்பக்கத்தார் பார்த்தாலும், ஏதோ கைத்தொழில் பழக வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்களாம். 14 வயதில் சூசி செயின்ட் சைமன்ஸ் தீவில் சுமார் நாற்பது குழந்தைகளுக்கு ஆசிரியை. இரவில் பெரியவர்களும் வந்து படித்தார்கள். அடிமை முறையை ஆதரித்து வாதாடிய கல்ஹூனின் பெயரில் சவானாவில் இருந்த சதுக்கத்துக்கு 2023-இல் நகர மன்றம் சூசி கிங் டெய்லரின் பெயரை வைத்தது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவர் எழுதியதில் இரண்டு பக்கம் வாசியுங்கள். வரலாற்று வகுப்பு அன்றைக்கு அவ்வளவு போதும்.

தமிழில் பேசும்போது சொல்லையும் கவனியுங்கள். ‘அடிமைகள்’ என்று சொல்லும்போது அது ஏதோ சாதிப்பெயர் மாதிரி, பிறவிக்குணம் மாதிரி காதில் விழுகிறது. ‘அடிமையாக்கப்பட்டவர்கள்’ என்று சொல்லிப் பழகுங்கள். ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான் என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடும். ஊரில் இன்னும் சர்வசாதாரணமாக ‘நீக்ரோ’ என்பார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களிலும் இருக்கும். பெரியவர்களிடம் பொறுமையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். வீடியோ காலில் அம்மாச்சி, “வெயில்ல ஆடாதடி, கறுத்துப்போயிடுவ” என்று சொல்லும் அந்த ஒரு வரி, நீங்கள் நாள் முழுக்க நடத்தும் பாடத்தை அழித்துவிடும். பாசத்தில் சொல்வதுதான், நம் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். குழந்தைக்குக் காதில் விழுவது, அப்பா நிறம் கூடாத நிறம் என்பது. வரலாற்றுப் பாடத்தை உங்கள் அம்மாவோடு பேசுவதிலிருந்து ஆரம்பியுங்கள். மகள் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள்.

‘நான் கறுப்பினத்தவள் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அனுபவத்தை உங்களால் சொல்லித்தர முடியாதுதான். கணவர், மாமியார், சர்ச்சில் இருக்கும் பெரியவர்கள், முடி வெட்டும் கடையில் உட்கார்ந்து பேசும் மாமாக்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தருவார்கள். உங்கள் வேலை, பிள்ளைகள் அவர்களோடு இருக்கும்படி வாரத்தை அமைப்பது. அட்லாண்டா பகுதியில் வீட்டில் கற்பிக்கும் கறுப்பினக் குடும்பங்கள் நிறைய. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வுப்படி, நாடு முழுக்கக் கறுப்பினக் குடும்பங்களில் வீட்டுக்கல்வி 2020 வசந்தத்தில் 3.3 சதவீதம், அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 16.1 சதவீதம். வெள்ளிக்கிழமை ஒருநாளாவது அப்படி ஒரு குழுவோடு சேருங்கள்.

மகள் கொஞ்சம் வளர்ந்ததும் நம் பக்கத்து இழைகளையும் காட்டலாம். சாதியை எதிர்த்த ஜோதிராவ் புலே 1873-இல் எழுதிய ‘குலாம்கிரி’யை (அடிமைத்தனம் என்று பொருள்), அடிமை முறையை ஒழிக்க நின்ற அமெரிக்க மக்களுக்குத்தான் சமர்ப்பித்தார். அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார், அவரும் பதில் போட்டார். இதற்கு அவசரமில்லை.

இப்போது இலக்கியம். 1985-இல் அமெரிக்காவில் வெளிவந்த குழந்தை நூல்கள் ஏறக்குறைய 2,500. அவற்றில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ 18 மட்டும்தான் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் கணக்கெடுத்தது. இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. கொரெட்டா ஸ்காட் கிங் விருது பெற்ற நூல்களின் பட்டியலை நூலகத்தில் கேட்டாலே வருடக்கணக்கில் படிக்கக் கிடைக்கும். நான் வைத்திருக்கும் அளவு இது: துன்பத்தைச் சொல்லும் புத்தகம் ஒன்று என்றால், சும்மா வாழ்வதைச் சொல்லும் புத்தகம் மூன்று. பனியில் விளையாடுவது, தொலைந்த நாயைத் தேடுவது, தம்பியோடு சண்டை போடுவது எல்லாம் வேண்டும்.

அன்று என் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த 7 வயதுப் பையன் ஒருவன், டெரிக் பார்ன்ஸ் எழுதிய ‘க்ரவுன்’ என்ற படநூலை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப்போவான். முடி வெட்டிக்கொண்டு ராஜா மாதிரி வெளியே வரும் பையனைப் பற்றியது. ஒரு திங்கட்கிழமை புதிதாக முடி வெட்டிக்கொண்டு வந்தான். புத்தகத்தை விரித்துத் தன் காதோரம் பிடித்துக்கொண்டு, “யாருக்கு லைன் நேரா இருக்கு, எனக்கா அவனுக்கா?” என்று கேட்டான். குனிந்து பார்த்து, உனக்குத்தான் என்றேன். உங்கள் மகனுக்கு இதுவே முதல் புத்தகமாக இருக்கட்டும்.

மகளுக்கு 10, 11 வயதாகும்போது மில்ட்ரெட் டெய்லரின் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ என்ற நாவல். தனியாகப் படிக்கவிடாமல் கூட உட்கார்ந்து வாசியுங்கள். முதல் அத்தியாயத்தில், 6 வயதுப் பையனுக்குப் பள்ளியில் கிழிந்த புத்தகம் ஒன்று கிடைக்கிறது. உள்அட்டையில் இதுவரை யார் யாருக்குக் கொடுத்தது என்று ஓர் அட்டவணை. வெள்ளைக் குழந்தைகளிடம் வருடக்கணக்கில் அடிபட்டு ‘மிக மோசம்’ என்ற நிலைக்கு வந்தபிறகு, இனம் என்ற கட்டத்தில் அவனை இழிசொல்லால் குறித்துத் தந்திருக்கிறார்கள். பையன் புத்தகத்தைத் தூக்கி எறிந்து மிதிக்கிறான். அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவன் அம்மா, காகிதத்தை அளவாக வெட்டி அந்த அட்டவணைமேல் ஒட்டிவிடுகிறாள். அவள் செய்தது சரியா, வேலை போய்விடாதா என்று மகள் கேட்பாள். அன்றைக்கு வேறு பாடம் எடுக்காதீர்கள், பேச்சு போகிற வரை போகட்டும்.

செலவில்லாமல் கிடைப்பதும் உண்டு. டு போய்ஸும் ஜெஸ்ஸி ஃபாசெட்டும் சேர்ந்து 1920 ஜனவரியிலிருந்து 1921 டிசம்பர்வரை கறுப்பினக் குழந்தைகளுக்காக ‘த பிரௌனீஸ் புக்’ என்ற மாத இதழ் நடத்தினார்கள். பின்னாளில் புகழ்பெற்ற கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸின் ஆரம்பகாலக் கவிதைகள் அதில்தான் வந்தன. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இதழ்களை அப்படியே புரட்டலாம். வாசகர் கடிதப் பகுதியில் நூறு வருடத்துக்கு முந்தைய குழந்தைகள் எழுதியதைப் படித்துவிட்டு, மகளைப் பதில் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மகனுக்கு முயல் கதைகள்: சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய நம் பஞ்சதந்திர முயலையும், ஜார்ஜியா தோட்டங்களில் கறுப்பின மக்கள் சொல்லிவந்த பிரர் ராபிட்டையும் ஒரே ராத்திரியில் சொல்லுங்கள். யார் கெட்டிக்காரன் என்று அவனே முடிவு செய்யட்டும்.

சட்டம் சிக்கலானது இல்லை. தொடங்கிய 30 நாளுக்குள் மாநிலக் கல்வித்துறையில் அறிவிப்புப் படிவம், பிறகு ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 1-க்குள். வருடம் 180 நாள், நாளுக்கு நாலரை மணி நேரம். வருட முடிவில் நீங்களே ஒரு முன்னேற்ற அறிக்கை எழுதிப் பத்திரமாக வைக்கவேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்வு. சமூக அறிவியலில் எதைச் சொல்லித்தருவது என்பது உங்கள் விருப்பம்.

கடைசியாக, மாமியார். 75 வயது என்றால் 1963 செப்டம்பரில், சவானாவின் வெள்ளையர் உயர்நிலைப் பள்ளிகளில் முதன்முதலாகக் கறுப்பின மாணவர்கள் நுழைந்தபோது, அவருக்கு 12, 13 வயது இருக்கும். பேசாமல் இருப்பதற்கு அவருக்குக் காரணம் இருக்கலாம், அதை மதியுங்கள். ‘அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டீர்களா?’ என்று ஆரம்பிக்க வேண்டாம். சவானாவுக்குப் போகும்போது பேத்தியை அவரோடு சமையலறையில் விடுங்கள், ரெட் ரைஸ் கற்றுக்கொள்ள. போனில் பதிவு செய்வதாக இருந்தால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மகள் கையில் இரண்டே கேள்வி கொடுத்தனுப்புங்கள்: இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர் பெயர் என்ன? அந்தப் பெயரிலிருந்து பின்னோக்கிப் போனால் 1870 கணக்கெடுப்பைத் தொடமுடியும். விடுதலையான மக்களை எல்லாம் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு அது. அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும்தான் இருக்கும். பெயர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், தேடிப்பார்க்க நானும் கூட இருக்கிறேன்.